வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பெங்களூரு தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது யாருக்காக எழுதப்பட்டது?

லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, மர்பி டவுன், சிவாஜிநகர் பக்கமிருந்து வளைகுடாவுக்குக் கிளம்பும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டு இங்கே கவலைப்படும் அப்பா அம்மாவுக்காகவும். நான் குவைத்தில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். எங்கள் தேவாலயப் பங்கில் யாருக்காவது விசா வந்துவிட்டால் என்னிடம் அனுப்பிவைப்பார்கள். எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பயப்படுவது மதத்தை நினைத்து. ஆனால் அங்கே நம்மவர்களைக் கோவிலுக்கு, அதாவது தேவாலயத்துக்கு, போகவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வார விடுப்பு கிடைக்காததும் வண்டி வசதி இல்லாததும்தான். அதனால் வேலை ஒப்பந்தத்தைப் பற்றியும் இங்கே நிறைய வரும்.

அங்கே கோவிலே கிடையாதாமே, உண்மையா?

சவூதி அரேபியாவில் மட்டும்தான் கிடையாது. குவைத், பஹ்ரைன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஓமான் ஆகிய ஐந்து நாடுகளிலும் அரசு அனுமதியோடு நடக்கும் கோவில்கள் இருக்கின்றன. பல இடங்களில் அதற்கான நிலத்தைக் கொடுத்ததே ஆட்சியாளர்கள்தான்.

பஹ்ரைனின் மனாமாவில் திரு இருதய ஆலயம் 1939-இல் கட்டப்பட்டது. அதே நாட்டின் அவாலியில் அரேபிய அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு நிலம் தந்தவர் மன்னர். துபாயில் புனித மரியன்னை ஆலயம் 1960-களில் தொடங்கியது. அந்த நிலம் ஷேக் ராஷித் கொடுத்தது. இன்று வார இறுதியில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால் நம்முடைய செப்டம்பர் 8 மாதா திருவிழா நினைவுக்கு வரும். கத்தாருக்கு மிகவும் தாமதமாகத்தான் கோவில் வந்தது. தோஹாவின் செபமாலை அன்னை ஆலயம் 2008 மார்ச்சில் திறக்கப்பட்டபோது அதை அபிஷேகம் செய்தவர், முன்பு மும்பையின் பேராயராக இருந்த கர்தினால் ஐவன் டயஸ். ஓமானில் மஸ்கட்டின் ரூவி, காலா ஆகிய இடங்களிலும் சலாலாவிலும் கோவில்கள் உண்டு.

குவைத்தில் அரசு ஏற்றுக்கொண்ட திருச்சபைகள் ஏழு: கத்தோலிக்கம், காப்டிக், ஆர்மீனியன், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கிரேக்க கத்தோலிக்கம், ஆங்கிலிகன், தேசிய இவாஞ்சலிக்கல். இந்தப் பட்டியலில் இல்லாத சபைகள் எல்லாம் இவற்றில் ஒன்றின் வளாகத்துக்குள் இடம் கேட்டு வாங்கித்தான் ஆராதனை நடத்துகின்றன. அதனால் ஒரே வளாகத்தில் காலையில் மலையாளம், அடுத்த அறையில் தமிழ், மாடியில் தெலுங்கு, மதியம் ஃபிலிப்பினோ சபை என்று மணி கணக்குப் போட்டு நடக்கும். நேரம் முடிந்தால் அடுத்த சபைக்கு அறையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். பாட்டை இழுத்துக்கொண்டு நிற்க முடியாது.

வெளியிலிருந்து பார்த்தால் கோவில் என்று தெரியுமா?

பல இடங்களில் தெரியாது. தோஹாவில் எல்லாத் திருச்சபைகளையும் நகரத்துக்கு வெளியே ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். வெளிப்புறத்தில் சிலுவை இருக்காது, மணி அடிக்காது, வாசலில் காவலர் பையைச் சோதிப்பார். உள்ளே போய்விட்டால் நம் கோவில்தான்: பீடம், சுரூபம், மெழுகுவர்த்தி எல்லாம் இருக்கும். வேளாங்கண்ணி மாதா திருவிழாவைத் தமிழ்ச் சமூகத்தினர் கொடியேற்றத்தோடு கொண்டாடுவார்கள். தேர் மட்டும் தெருவுக்கு வராது, வளாகத்துக்குள்ளேயே சுற்றி நின்றுவிடும்.

தமிழில் பூசை, ஆராதனை உண்டா?

உண்டு. துபாய், குவைத், தோஹா போன்ற இடங்களில் தமிழ்த் திருப்பலியும் நடக்கிறது, தமிழ் ஆராதனையும் நடக்கிறது. பெங்களூரில் எந்த மொழியில் பூசை வைப்பது என்று நாம் எத்தனை வருடங்கள் மனம் கசந்து கிடந்தோம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே கன்னடக்காரர், கொங்கணிக்காரர், தமிழர் எல்லோரும் ஒரே ஹாலுக்கு வரிசையில் காத்திருப்பார்கள், ஒருவருக்கு ஒருவர் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே மனது நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாமே? அப்போது என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போக வேண்டும். குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான், சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அலுவலகமும் பள்ளிக்கூடமும் உண்டு. ஆகவே ஞாயிறு வாசகங்களையே வெள்ளியன்றும் வாசித்துப் பூசை வைக்கிறார்கள். பெரிய கூட்டம் அன்றுதான். மறைக்கல்வி வகுப்பும், சபைகளில் சண்டே ஸ்கூலும் பெரும்பாலும் வெள்ளியில்தான்.

அமீரகம் மட்டும் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. வெள்ளி அங்கே அரசு அலுவலகங்களுக்கு அரை நாள். இதனால் ஒரு வேறுபாடு வருகிறது. குவைத்தில் பெரிய வெள்ளி எப்போதும் விடுமுறைதான், கேட்கவே வேண்டாம். ஆனால் ஈஸ்டர் காலையில் பூசை முடிந்ததும் டியூட்டிக்கு ஓட வேண்டும். அமீரகத்தில் இது தலைகீழ். கிறிஸ்துமஸ் எங்கேயும் அரசு விடுமுறை இல்லை. நவம்பரிலேயே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் முஸ்லிம் தோழிகள் கிறிஸ்துமஸ் இரவு டியூட்டியை எங்களிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள், ஈத் அன்று நாங்கள் அவர்களுடையதைப் பார்ப்போம். இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லித் தரவில்லை, பழக்கத்தில் வந்தது.

சவூதிக்கு விசா வந்திருக்கிறது. போகலாமா?

போகலாம். அங்கே ஏராளமான இந்தியக் கிறிஸ்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

சவூதியில் கோவிலும் இல்லை, பொது இடத்தில் முஸ்லிம் அல்லாதவர்கள் வழிபடவும் அனுமதி இல்லை. அறைக்குள் தனியாக ஜெபிப்பதில் யாரும் தலையிடுவதில்லை. முன்பு முத்தவா என்று எல்லோரும் சொல்லும் மதக் காவலர்கள் வீடுகளில் ஜெபக் கூட்டம் நடப்பதாகத் தெரிந்தால் வந்து பிடித்துப் போவார்கள். 2016 ஏப்ரலில் அவர்களுக்கு இருந்த கைது அதிகாரம் எடுக்கப்பட்டது. அதன்பிறகு நிலைமை நிறைய இளகியிருக்கிறது. ஆனாலும் சட்டம் மாறவில்லை என்பதை மனதில் வையுங்கள். நாலு பேர் ஒரு அறையில் செபமாலை சொல்வது வேறு, ஐம்பது பேரைக் கூட்டி மைக் வைத்துப் பாடி, காணிக்கை எடுத்து, அதை வீடியோவாக வாட்ஸ்அப்பில் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். நீங்கள் தைரியசாலியாக இருக்கலாம், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய பெண்ணுக்கு வேலை போய்விடும்.

தம்மாம், அல் கோபர் பக்கம் வேலை என்றால் ஒரு வழி இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹத் பாலம் சுமார் 25 கிலோமீட்டர் கடலைக் கடந்து பஹ்ரைனுக்குப் போகிறது. கிழக்கு மாகாணத்தில் இருப்பவர்கள் வார இறுதியில் அதைத் தாண்டி மனாமாவுக்கோ அவாலிக்கோ பூசைக்குப் போய்வருவார்கள். அதற்குப் பஹ்ரைன் விசா வேண்டும், வெளியே போய்த் திரும்பி வரும் அனுமதியும் வேண்டும். நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கு இது எளிது. கேம்ப்பில் இருக்கும் தொழிலாளிக்கு எட்டாது.

டிரைவர் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு: மெக்கா நகருக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போகக் கூடாது. ஜித்தாவிலிருந்து தாயிஃப் போகும் வழியில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தனிச் சாலை பிரிகிறது, பலகை இருக்கும். மதீனாவிலும் நபி பள்ளிவாசலைச் சுற்றியுள்ள பகுதிக்குள் போகக் கூடாது. முதலாளி போகச் சொன்னாலும் உங்கள் மதத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். உங்கள் இகாமாவிலேயே (அங்கே தங்கும் அனுமதி அட்டை) மதம் குறிக்கப்பட்டிருக்கும், எனவே மறைத்துப் பயனில்லை.

பைபிள், செபமாலை, கழுத்துச் சிலுவை கொண்டுபோகலாமா?

உங்களுக்கென்று ஒரு பைபிள், ஒரு செபமாலை, ஒரு சின்னச் சிலுவை: பிரச்சினை இல்லை. பத்து பைபிள்களைப் பெட்டியில் வைத்தால் விநியோகத்துக்கு என்று அர்த்தமாகிவிடும். சுவிசேஷத் துண்டுப் பிரதி ஒன்றுகூட வேண்டாம். சவூதியில் சிலுவையை உடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் போட்டுக்கொண்டு நடப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

என்னை மதம் மாறச் சொல்வார்களா?

சொல்லிப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். இஸ்லாத்தை அறிமுகப்படுத்தும் மையங்கள் தமிழிலேயே புத்தகம் அச்சடித்து இலவசமாகத் தருகின்றன. அறையில் கூடத் தங்குபவர் அன்பாகவே பேச்செடுப்பார். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். கட்டாயப்படுத்தப்பட்ட யாரையும் என் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் வீட்டு வேலையில் ஒரே குடும்பத்தை நம்பி இருக்கும் பெண்ணுக்கு அன்பான பேச்சுகூட ஒரு அழுத்தமாக மாறும். அதைக் கேட்டிருக்கிறேன். அப்படி நடந்தால் உடனே வெளியே ஒருவரிடம் சொல்லுங்கள்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். அங்கே ஒரு முஸ்லிமிடம் சுவிசேஷம் சொல்வது குற்றம். சிறை, நாடுகடத்தல் இரண்டும் நடக்கும். கேட்டவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, ஏனெனில் இஸ்லாத்தை விட்டு வெளியேறுவதை அந்தச் சட்டங்கள் ஏற்பதில்லை. சில சபை ஊழியர்கள் இங்கேயிருந்தே ஆட்களை 'அறுவடைக்குப் போ' என்று தலையில் கைவைத்து ஜெபித்து, அங்கே சுவிசேஷம் சொல்ல அனுப்புகிறார்கள். இது எனக்குக் கோபம் வரும் விஷயம். அனுப்புபவர் பெங்களூரில் பத்திரமாக இருப்பார். மாட்டிக்கொள்வது அந்த வேலைக்காரப் பெண்ணும் அவள் பேச்சைக் கேட்ட அந்த வீட்டுப் பிள்ளையும்.

ரமலான் மாதத்தில் எப்படி?

ஃப்ரேசர் டவுன் மசூதி சாலையில் ரமலான் மாலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், மாதம் புதிதில்லை. சட்டம்தான் புதிது. குவைத்தில் 1968-இன் சட்டப்படி நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிட்டாலோ குடித்தாலோ புகைத்தாலோ 100 தினார் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். தண்ணீர் குடிப்பதும் சேர்த்துதான். காரில் உட்கார்ந்திருந்தாலும் பொது இடமே. மருத்துவமனையில் எங்களுக்குத் தனி அறை இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம். துபாய் இப்போது அவ்வளவு கண்டிப்பு இல்லை. 2021 முதல் உணவகங்கள் திரை போட வேண்டியதில்லை. நோன்பு திறக்க அழைத்தால் போய் உட்காருங்கள். அதனால் உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது.

அரபி வீட்டில் வீட்டு வேலை. வாரத்தில் ஒரு நாள் கோவிலுக்கு விடுவார்களா?

இதுதான் நான் அதிகம் பேச விரும்பும் கேள்வி.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குவைத்தில் 2015-இன் 68-ஆம் எண் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்று சொல்கிறது. அமீரகத்திலும் 2022-இன் வீட்டுப் பணியாளர் சட்டம் வார ஓய்வைத் தருகிறது. நடைமுறையில்? பாஸ்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். வெள்ளிக்கிழமை என்றால் விருந்தாளிகள் வரும் நாள், அன்றுதான் சமையல் அதிகம். ஓய்வு நாள் கொடுத்தாலும் வெளியே விடமாட்டோம், அறையில் படுத்துக்கொள் என்பார்கள். வருடக்கணக்கில் நற்கருணை வாங்காத பெண்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் கபீல் (விசா தந்த முதலாளி) கெட்டவர் இல்லை, சாப்பாடு போடுகிறார், அடிப்பதில்லை என்பார்கள். அதுவே பெரிய விஷயம் என்று நினைக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

அந்தக் குடும்பம் பக்தியான முஸ்லிம் குடும்பமாக இருந்தால் கோவிலுக்கு விடமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தொழுகையை மதிக்கும் வயதான அம்மாக்கள் சிலர், 'இவளும் ஆண்டவனைக் கும்பிடப் போகிறாள்' என்று டிரைவரோடு அனுப்பிவைத்ததைக் கண்டிருக்கிறேன். ஆக, போகும் முன்பே கேளுங்கள். ஏஜென்டிடம் வாய்வார்த்தை வேண்டாம், ஒப்பந்தத்தில் வார ஓய்வு எந்த நாள் என்று எழுதச் சொல்லுங்கள். முதல் மாதத்திலேயே மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றித் தருகிறோம் என்பவரிடமிருந்து ஓடிவிடுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. அந்த வகையில் 30 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு வீட்டு வேலைக்கு அரசு அனுமதி தருவதில்லை. இந்த விதியைச் சுற்றிப் போகத்தான் விசிட் விசா ஆசை காட்டுகிறார்கள். அப்படிப் போனவருக்கு மேலே சொன்ன எந்தச் சட்டமும் கைகொடுக்காது. நிலைமை முற்றிப்போனால் இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்களுக்கு அங்கே தங்குமிடம் உண்டு.

அரபிகளிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா?

நிறைய. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டில் சின்னதாகச் சிலுவை பச்சை குத்தியிருப்பார்கள். எங்கள் வார்டில் அப்படி ஒரு டாக்டர் இருந்தார். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. 2015-இல் லிபியாவின் கடற்கரையில் ஐ.எஸ். தீவிரவாதிகளால் கொல்லப்பட்ட 21 கிறிஸ்தவர்களில் 20 பேர் எகிப்தின் ஏழைக் கட்டடத் தொழிலாளர்கள். பிழைப்புக்காகக் கடல் தாண்டியவர்கள், நம்மைப் போலவே.

குவைத்திலும் பஹ்ரைனிலும் குடியுரிமை உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களே இருக்கின்றன. குவைத் தேசிய இவாஞ்சலிக்கல் சபையின் போதகர் இம்மானுவேல் காரிப் குவைத்துக்காரர். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முஸ்லிம் அல்லாதவர் புதிதாகக் குவைத் குடியுரிமை பெற முடியாது.

நர்ஸ்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: குவைத்தில் இன்றைய சபைகள் வேர்விட்டது மருத்துவமனை வழியாகத்தான். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எலினார் கால்வெர்லி 1912-இல் அங்கே வந்து பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். மிஷன் ஆஸ்பத்திரி 1967 வரை நடந்தது. அந்தக் கட்டடம் இன்றும் கடற்கரைச் சாலையில் கலாச்சார மையமாக நிற்கிறது. லீவு கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

இன்னும் பின்னால் போனால், இஸ்லாம் வருவதற்கு முன்பே அந்தக் கரையெங்கும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அபுதாபியின் சர் பனி யாஸ் தீவில் ஒரு துறவற மடம் 1992-இல் கண்டெடுக்கப்பட்டது. குவைத்தின் ஃபைலக்கா தீவில் பழைய தேவாலயம் தோண்டி எடுக்கப்பட்டது. 7-ஆம் நூற்றாண்டின் புனித ஈசாக்கு, நினிவே நகரின் ஆயராக இருந்தவர், இன்றைய கத்தார் பகுதியில் பிறந்தவர். நம் கேரளத்து மார்தோமா கிறிஸ்தவர்கள் பழங்காலத்தில் உறவு வைத்திருந்த கிழக்குச் சிரியத் திருச்சபைதான் அந்தக் கரைக் கிறிஸ்தவர்களுடையதும்.

ஏமனுக்கு வேலை இருக்கிறது என்கிறார்களே?

போகாதீர்கள். 2017 முதல் இந்தியர்கள் அங்கே பயணம் செய்யத் தடை இருக்கிறது. 2016 மார்ச் 4-ஆம் தேதி ஏடனில் அன்னை தெரசா சபையினர் நடத்திய முதியோர் இல்லத்தில் புகுந்து, நான்கு கன்னியர்கள் உட்பட 16 பேரைக் கொன்றார்கள். அங்கிருந்து கடத்தப்பட்ட அருட்தந்தை டாம் உழுன்னாலில் சலேசிய துறவற சபையின் நம் பெங்களூரு பிரிவைச் சேர்ந்தவர். இங்கே கோவில் கோவிலாக அவருக்காகச் செபித்தோம். ஓமான் அரசின் உதவியால் 2017 செப்டம்பரில் விடுதலையானார். ஒரு முஸ்லிம் நாடு கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

அங்கே கல்யாணம், ஞானஸ்நானம்?

இரண்டும் நடக்கும். கோவிலில் கல்யாணம் என்றால் சொந்தப் பங்கில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த கடிதமும் தடையில்லை என்ற சான்றும் வேண்டும். அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று தனிக் குடும்பச் சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

அங்கே இறந்துவிட்டால்?

முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கல்லறை பல நாடுகளில் உண்டு. ஆனால் பெரும்பாலும் உடலை ஊருக்கே கொண்டுவருகிறார்கள். காகித வேலை முடிய நாட்கள் ஆகும். செலவு முதலாளியுடையது. அவர் கைவிட்டால் தூதரகத்தின் சமூக நல நிதி உதவும். தமிழ்ச் சமூகத்தினர் பணம் திரட்டி, தூதரகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அலைந்து, பெங்களூரின் கல்பள்ளிக் கல்லறை வரைக்கும் ஒருவரை வந்து சேரவைத்ததை அறிவேன். இறந்தவரை அவர்களில் பலருக்கு முன்பின் தெரியாது.

இங்கேயும் நாம் சிறுபான்மை, அங்கேயும் சிறுபான்மை. என்ன வித்தியாசம்?

இங்கே நாம் குடிமக்கள். 2022-இல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது ஊர்வலம் போனோம், நீதிமன்றம் போக முடிந்தது, ஓட்டுப் போட்டோம். அங்கே கிடைப்பது உரிமை இல்லை, ஆட்சியாளரின் அனுமதி. நல்ல மனதோடு தாராளமாகவே தந்திருக்கிறார்கள், நான் அனுபவித்திருக்கிறேன், நன்றியோடு சொல்கிறேன். 2019 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் அபுதாபிக்கு வந்து திறந்த மைதானத்தில் பூசை வைத்தபோது எங்களில் அழாதவர்கள் இல்லை. அதற்கு முன் எந்தப் போப்பும் அரேபியத் தீபகற்பத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் விசா முடிந்தால் நீங்கள் அங்கே யாரும் இல்லை. முப்பது வருடம் பாடகர் குழுவில் பாடியவரும் ஓய்வு வயதில் பெட்டி கட்ட வேண்டியதுதான். பங்கே இப்படி வந்து போகிறவர்களால் ஆனது.

கிளம்பும் முன் பங்கில் என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

ஞானஸ்நானச் சான்று, உறுதிப்பூசுதல் சான்று, கல்யாணமானவர்கள் திருமணச் சான்று, பங்குத் தந்தை அல்லது சபை ஐயரிடமிருந்து (போதகர்) ஒரு அறிமுகக் கடிதம். எல்லாவற்றையும் போனிலும் படமெடுத்து வையுங்கள். போகும் நாட்டின் தமிழ்ச் சமூகத்தில் ஒருவருடைய எண், பூசை அல்லது ஆராதனை நேரம், வேலையிடத்திலிருந்து கோவில் எவ்வளவு தூரம், பஸ் உண்டா என்பதையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று உங்கள் அம்மாவிடம் இருக்கட்டும்.